மூளை ஆராய்ச்சிக்கு நீட் மட்டும்தான் வழியா?

வணக்கம் அம்மா. நீட் மதிப்பெண் குறைந்ததும் உங்கள் பெண் பி.எஸ்சி. உளவியல் படித்து மூளை ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், டாக்டர் ஆகாமல் மூளையைப் பற்றி என்ன ஆராய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். இந்தத் துறையின் பெரிய விருதுகளை வாங்கியவர்கள் என்ன படித்தார்கள் என்று பாருங்கள்.

2014 மருத்துவ நோபல் பரிசு ஜான் ஓகீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் மூவருக்கும் கிடைத்தது. மூவருமே உளவியல் படித்தவர்கள், ஒருவர்கூட டாக்டருக்குப் படிக்கவில்லை. ஓகீஃப் எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் செல்களின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் மெல்லிய கம்பியைப் பொருத்தி எலியை நடமாட விட்டார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் ஒரு செல் படபடவென்று துடித்தது, வேறு இடத்துக்குப் போனால் வேறொரு செல். நாம் எங்கே நிற்கிறோம் என்பது மூளைக்குத் தெரிவது இப்படித்தான். அவர் இதை வெளியிட்டது 1971-இல், பரிசு வந்ததோ 43 வருடம் கழித்து. அதனால் விருதைக் கணக்கில் வைத்து யாரும் இந்தத் துறைக்கு வர வேண்டாம்.

2024-இல் நரம்பியலுக்கான காவ்லி பரிசு பெற்ற மூவரில் நான்சி கான்விஷர் ஒருவர். முகங்களை அடையாளம் காண்பதற்கென்றே மூளையில் தனிப் பகுதி இருப்பதைக் காட்டியவர். உயிரியல் பட்டம், பிறகு உளவியலில் பிஎச்.டி. அதே ஆண்டு இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹின்டனின் முதல் பட்டமும் உளவியல்தான். மருத்துவம் வழியாக வந்தவர்களும் உண்டு. நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன் அப்படித்தான்.

சரி, இப்போது உங்கள் பெண்ணுக்கு. உளவியலில் சேரட்டும், ஆனால் கணிதத்தை விட்டுவிடக் கூடாது. எட்வர்ட் மோசர் உளவியலோடு கணிதமும் புள்ளியியலும் படித்தவர். பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். உளவியல் என்றால் கவுன்சலிங் என்று நினைத்து வருகிறார்கள், புள்ளியியல் தாளைப் பார்த்ததும் பயந்துவிடுகிறார்கள். முதல் வருடத்திலேயே பைத்தான் என்ற கணினி நிரல் மொழியைக் கற்கத் தொடங்கினால் நல்லது. அப்புறம் எம்.எஸ்சி.க்கு காந்திநகர் ஐஐடியிலும் அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் அறிவாற்றல் அறிவியல், அதாவது மனமும் மூளையும் எப்படிச் சிந்திக்கின்றன என்று ஆராயும் படிப்பு, இருக்கிறது. பிஎச்.டி.க்கு பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகம் (ஐஐஎஸ்சி), மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் (நீட் அல்ல) ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உண்டு. நிரந்தர வேலை கிடைக்க முப்பது வயதைத் தாண்டிவிடலாம். அதற்கு வீட்டில் தயாரா என்று கணவரோடும் பெண்ணோடும் உட்கார்ந்து பேசுங்கள். சேர்க்கைக்கு முன் கல்லூரிக்கு நேரில் போய், உளவியல் துறையில் ஆய்வகம் இருக்கிறதா, புள்ளியியல் எத்தனை பருவம் நடத்துகிறார்கள் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.