முன்பின் தெரியாதவங்க "கொஞ்சம் வாசிச்சு பாக்கட்டுமா"ன்னு கேட்டா உங்க மிருதங்கத்த குடுப்பீங்களா?

கேட்டா குடுப்பேன். கேக்காம தட்டுறவங்கதான் பிரச்சன.

வீணை, வயலின்னா யாரா இருந்தாலும் கொஞ்சம் பயந்து தள்ளிதான் நிப்பாங்க, ஆனா மிருதங்கத்த உறையிலேர்ந்து வெளிய எடுத்தா போதும், தட்டுறதுதானேன்னு போறவன் வர்றவன் எல்லாம் ஒரு தட்டு தட்டிட்டு போவான். ஒரு கல்யாண மண்டபத்துல பொண்ணு வீட்டு மாமா ஒருத்தர், விரல்ல கல்லு வெச்ச மோதிரத்தோட, வலந்தலை, அதான் வலது பக்க முகம், அது நடுவுல நாலு சாத்து சாத்திட்டு "என்ன தம்பி, சவுண்டே வரல? தவில்னா இந்நேரம் மண்டபமே அதிர்ந்திருக்கும்"னாரு. என்னத்த சொல்ல.

அந்த நடுவுல கறுப்பா இருக்கே, கரணை, அது பெயின்ட் இல்லீங்க. கல்லுப் பொடியையும் சோத்தையும் சேத்து மசிச்சு, கொஞ்சமா தடவி, தேய்ச்சு, காயவிட்டு, மறுபடி தடவின்னு அடுக்கடுக்கா ஏத்துறது, மோதிரம் பட்டு ஒரு இடத்துல பேந்தாகூட நாதம் மாறிடும், அப்புறம் வேலை தெரிஞ்ச ஆள தேடிப் போய் கரணைய திரும்ப போடணும், இல்ல மூட்டுன்னு சொல்ற அந்த தோல் முகத்தையே மாத்தணும். எண்ணெய் கை, வேர்வை கையும் ஆகாது. தொப்பி, அதான் இடது பக்க முகம், இன்னும் மோசம். கச்சேரிக்கு முன்னாடி ரவைய தண்ணி விட்டு பெசஞ்சு அதுல அப்பி வெப்போம், அந்த கனத்துலதான் 'தொம்'ங்குற இடது கை அடிக்கு கும்முன்னு கும்காரமே வரும், சின்னப் பசங்க கண்ணுல அது பட்டுச்சுன்னா நோண்டாம விடாதுங்க.

அதனால கச்சேரிக்கு முன்னாடின்னா யார் கேட்டாலும் கிடையாது, சொந்த மச்சானா இருந்தாலும். "சுருதி சேத்து வெச்சிருக்கேன், முடியட்டும் தரேன்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. கல்லும், புள்ளுன்னு சொல்ற சின்ன மரக்கட்டையும் வெச்சு தட்டித் தட்டி பாடுறவங்க சுருதிக்கு கொண்டு வந்திருப்போம், அப்புறம் ஏசி காத்துக்கே அது ஆட ஆரம்பிச்சுடும், இதுல இன்னொருத்தர் கை வேறயா.

முடிஞ்சப்புறம் தாராளமா. மோதிரத்த கழட்டச் சொல்லுவேன், செருப்பையும். கூடவே உக்காந்து, மோதிர விரல கரணை ஓரத்துல லேசா வெச்சுக்கிட்டு ஆள்காட்டி விரலால விளிம்புல தட்டுன்னு காட்டிக் குடுப்பேன். ஓங்கி சாத்தி வராத சத்தம் அப்ப 'நம்'முன்னு வரும், அந்த மூஞ்சி மலர்றத பாக்கணுமே! அதுக்காகவே குடுக்கலாம். வீட்டுக்கு வர்ற வாண்டுகளுக்குன்னா நட்டு போல்ட்டு போட்ட மிருதங்கம் ஒண்ணு தனியா கெடக்கு, அத என்ன வேணா பண்ணிக்கோன்னு விட்டுடுவேன்.

வாசிக்கத் தெரிஞ்சவங்கள கைய பாத்தே கண்டுபிடிச்சிடலாம். தொட்டுக் கும்பிட்டு, ரெண்டு 'நம்', ஒரு 'தொம்', "நல்லா பேசுதுண்ணா"ன்னு திருப்பி குடுத்துடுவாங்க. அரைகுறைங்கதான் நம்மள வெச்சுக்கிட்டே தனி ஆவர்த்தனத்துல, அதான் கச்சேரில தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற கட்டம், அதுல எறங்கிடும், அதோட நிக்காம சுருதி கொறையுதேன்னு கல்லையும் கையில எடுக்கும். அங்க மட்டும் நான் கொஞ்சம் கறாராவே வாங்கி உறையில போட்டுடுவேன், மரியாதை பாக்குறதில்ல.

ஆனா நாதஸ்வரக்காரர்கிட்டயோ புல்லாங்குழல்காரர்கிட்டயோ போய் இப்படி கேட்டுடாதீங்க. வாயில வெச்சு ஊதுறது, நாதஸ்வரத்துல வாயில வெக்கிற சீவாளிய ஒருத்தர் இன்னொருத்தருக்கு எப்படி குடுப்பாங்க. மோர்சிங்குன்னு சின்ன இரும்பு வாத்தியம் ஒண்ணு இருக்கு, அது அதவிட மோசம், பல்லுலயே வெச்சு வாசிக்கிறது.