சுருள் கணக்கு தப்பினால் விதை கெட்டதா?

கேள்வி: ஐயா, சூரியகாந்தி போட்டிருக்கிறேன். கொண்டைகள் முற்றிக்கொண்டு வருகின்றன. கொண்டையில் சுருள்கள் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55 என்றுதான் இருக்கும், அது இயற்கையின் கணக்கு என்று படித்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். பலவற்றில் சரியாக இருந்தது. ஒன்றில் 47, 76 வந்தது. இன்னொன்றில் 34, 54. நடுவில் எண்ணவே முடியாதபடி குழம்பிக் கிடக்கிறது, அங்கே எல்லாம் பருப்பில்லாத பொக்கு. விதை விற்றவரிடம் காட்டினேன். "விகிதம் கெட்டுவிட்டது" என்று ஒரு டானிக் கொடுத்தார். பூத்துப் பாதியில் புழுவுக்கு ஒரு தடவை மருந்து அடித்தேன், மற்றபடி ஒரு குறையும் வைக்கவில்லை. 34, 55 உள்ள கொண்டைகளை மட்டும் விதைக்கு எடுத்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுடையது வீரிய ஒட்டு ரகம் என்றால் எந்தக் கொண்டையிலிருந்தும் விதை எடுக்கக் கூடாது. அடுத்த தலைமுறை ஆளுக்கொரு உயரமாக நிற்கும். மற்ற ரகம் என்றாலும் சுருளை எண்ணி விதை தேர்ந்தெடுப்பது, ஜாதகம் பார்த்து மாடு வாங்குவது போலத்தான்.

அந்த எண்கள் எப்படி வருகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன், பயம் போகும். கொண்டை இலைகளுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன மொட்டாக இருக்கும்போதே, பின்னால் ஆளுக்கொரு விதையாகும் சிறு பூக்களுக்கு இடம் ஒதுக்கி முடிந்துவிடுகிறது. விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிப் போகும். ஒவ்வொரு புதிய பூவும் எங்கே இடம் அதிகமாக இருக்கிறதோ அங்கே முளைக்கும். அடுத்தடுத்த பூக்களுக்கு இடையிலான கோணம் ஏறக்குறைய 137.5 பாகை. இதுவே 120 பாகையாக இருந்தால் பூக்கள் மூன்றே கோடுகளில் அடுக்கி, இடையில் இடம் வீணாகும். 137.5-இல் ஒரு பூவின் நேர்கோட்டில் இன்னொன்று வந்து உட்காராது. 1992-இல் டூவாடி, கூடேர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் எண்ணெய்த் தட்டின் நடுவில் காந்தத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். சொட்டுகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளியே இதே சுருள்களைப் போட்டன. அங்கே விதையும் இல்லை, உரமும் இல்லை, டானிக்கும் இல்லை.

உங்கள் 47, 76 கூடக் கணக்குக்குள் வருவதுதான். 1, 3 என்று தொடங்கி முந்தைய இரண்டைக் கூட்டிக்கொண்டே போனால் 4, 7, 11, 18, 29, 47, 76. இதற்கு லூகாஸ் எண்கள் என்று பெயர். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடத்திய ஒரு ஆய்வுக்காகப் பொதுமக்கள் வளர்த்த 657 கொண்டைகளின் முடிவு 2016-இல் வெளியானது. பெரும்பாலானவை 34, 55 போன்ற ஃபிபனாச்சி எண்கள், அதாவது அதே கூட்டலை 1, 2 என்று தொடங்கினால் வருபவை. லூகாஸ் எண்களும் இருந்தன, எதிலும் சேராதவையும் இருந்தன. இன்னொன்று: ஒரே கொண்டையில் விளிம்பில் 34, 55 என்றால் உள்ளே போகப் போக 21, 34 ஆகக் குறையும். எந்த வட்டத்தில் எண்ணினீர்கள்? நடுவே இடம் நெருங்கும்போது ஒழுங்கு கலைவதும் பல கொண்டைகளில் உண்டு.

சரி, இனி நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். பூத்துப் பாதியில் மருந்து அடித்தேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் முக்கியமான வரி அதுதான்.

சூரியகாந்திக் கொண்டை ஒரே நாளில் பூப்பதில்லை. வெளி வளையம் முதலில், பிறகு நாளுக்குச் சில வரிசையாக உள்ளே, நடுப்பகுதி கடைசியில். ஒரு கொண்டை முழுக்கப் பூக்க ஐந்து முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகவே கொண்டையே ஒரு நாள்காட்டி. ஒரு கொண்டையைக் குறுக்கே பிளந்து, விளிம்பிலிருந்து விதைகளை நசுக்கிக்கொண்டே உள்ளே போங்கள். மணி பிடிப்பது, அதாவது விதைக்குள் பருப்பு இருப்பது, எந்த வளையத்தோடு நிற்கிறதோ, அந்த வளையம் பூத்த அன்றைக்கு வயலில் ஏதோ நடந்திருக்கிறது. மழையாக இருக்கலாம், வெயிலாக, தண்ணீர்ப் பஞ்சமாக இருக்கலாம். உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகிப்பது மருந்தைத்தான். அன்றோடு தேனீ வருவது நின்றிருக்கும்.

பூவில் மகரந்தம் முதலில் வெளியே வரும், அதை வாங்கிக்கொள்ளும் சூலகமுடி பிறகு விரியும். அதனால்தான் பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோகத் தேனீ வேண்டியிருக்கிறது. இன்றைய ரகங்கள் தானாகவும் ஓரளவு மணி பிடிக்கும் என்பார்கள். பிடிக்கும், ஆனால் தேனீ வந்த வயலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அந்த "ஓரளவை"ச் சொல்லட்டும். பூக்கும் நாட்களில் பூச்சிமருந்து தொடவே கூடாது என்பது என் பிடிவாதம். புழு கைமீறிப் போனால், தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு, சாயங்காலம், தேனீக்குத் தீங்கு குறைவான மருந்தாக மட்டும். காலையில் அடித்தவர் கையில் பொக்குதான் மிஞ்சும். தேனீ குறைவான இடமென்றால் காலை எட்டு மணிக்கு மேல், ஒருநாள் விட்டு ஒருநாள், பூத்த கொண்டைகளைக் கையில் மெல்லிய துணி சுற்றி லேசாகத் தடவிக்கொண்டே போங்கள். இரண்டு கொண்டைகளை முகத்தோடு முகம் வைத்துத் தேய்ப்பதும் சரிதான். கை வலிக்கும், மணி பிடிக்கும்.

போரான் என்ற நுண்சத்தின் பற்றாக்குறையும் பொக்குக்குக் காரணமாகும். வெளி மஞ்சள் இதழ்கள் விரியும்போது லிட்டருக்கு 2 கிராம் வெண்காரம் (போரான் உள்ள போராக்ஸ்) கரைத்துக் கொண்டையில் படும்படி தெளிக்க வேண்டும். அதிகமானால் இலை கருகும். இந்தப் பருவத்துக்கு அது கடந்துவிட்டது. மற்றபடி நடுவில் சிறு வட்டம் பொக்காவது இயல்பு, கடைசியாகப் பந்திக்கு வந்தவர்களுக்குச் சோறு குறைகிறது, அவ்வளவுதான். தட்டு போன்ற பெரிய கொண்டைக்கு ஆசைப்பட்டுச் செடிகளைத் தூரத் தூர நட்டால் அந்த வட்டமும் பெரிதாகும்.

டானிக் விற்றவரிடம் ஒன்று கேளுங்கள்: மொட்டுக்குள்ளேயே முடிந்துபோன அடுக்கை, முற்றிய கொண்டைமேல் தெளிக்கும் தண்ணீர் எப்படி மாற்றும்? மூடி திறக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.