கணக்குப் பரீட்சை முடிந்ததும் நண்பர்களோடு விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லதா?

நீங்கள் ஏற்கெனவே ஒப்பிட்டுப் பார்த்து, நாலைந்து விடை ஒத்துப்போகாமல், வயிற்றைக் கலக்கிய பிறகுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒன் மார்க் மட்டும் என்றால் ஒப்பிடுங்கள், பரவாயில்லை. ஐந்து மார்க் கணக்கின் கடைசி வரியை மட்டும் கேட்டுவிட்டு சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்வதுதான் வம்பு.

பிளஸ் ஒன்னுக்கு முதன்முதலாகப் பொதுத்தேர்வு வைத்தார்களே, 2018 மார்ச்சில், அந்த செட் நாங்கள். கணக்குப் பரீட்சை முடிந்து வெளியே வந்தால் முதல் ரேங்க் பையனைச் சுற்றிக் கூட்டம். தொகையிடலில் ஒரு கணக்கு. கேள்வி அப்படியே நினைவில்லை, சைன் எக்ஸ் இன்டு காஸ் எக்ஸ் ரகம். அவன் ‘சைன் ஸ்கொயர் எக்ஸ் பை 2 பிளஸ் சி’ என்றான். என் தோழி எழுதியிருந்தது ‘மைனஸ் காஸ் 2 எக்ஸ் பை 4 பிளஸ் சி’. “மைனஸ் எங்கேயிருந்துடி வந்துச்சு?” என்று ஒருத்தி சிரித்தாள். தோழிக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டுமே சரியான விடை. இரட்டைக் கோணச் சூத்திரத்தை (காஸ் 2 எக்ஸ் = 1 மைனஸ் 2 சைன் ஸ்கொயர் எக்ஸ்) போட்டுப் பாருங்கள். அவன் விடை, 1/4 கழித்தல் காஸ் 2 எக்ஸ் பை 4 என்று மாறும். அந்த 1/4 வெறும் மாறிலி, எந்த எண்ணாகவும் இருக்கக்கூடிய ‘சி’க்குள் அடங்கிவிடும். பிறகு எதற்கு பிளஸ் சி போடுகிறோம்? வினாத்தாளின் ஓரத்திலேயே போட்டுக் காட்டினேன். ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 90க்கு எழுபதைத் தாண்டாதவள் சொன்னால் யார் கேட்பார்கள்?

பொறாமையில் எழுதுகிறாள் என்று கமென்ட் போட யாராவது வருவீர்கள். அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவன் தன் விடையைச் சொன்னான், அவ்வளவுதான். சுற்றி நின்றவர்கள் அதையே ஆன்சர் கீயாக்கியதுதான் எரிச்சல். அடுத்த பரீட்சைக்குக் கிடைத்த லீவு முழுக்க என் தோழி இந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். திருத்துகிறவர்கள் ஸ்டெப்புக்கும் மார்க் போடுவார்கள் என்று போனில் சொல்லியும் கேட்கவில்லை.

ஆகவே, இன்னும் பரீட்சை பாக்கி இருந்தால் வினாத்தாளை உள்ளே வைத்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு, விடையை மட்டும் கேட்காமல் எப்படிப் போட்டார்கள் என்று கேளுங்கள்.

இதில் இன்னொரு கூத்து. பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் சேர்த்து மொத்தம் 1200 மார்க் என்று சொல்லித்தான் எங்களை அந்தப் பரீட்சை எழுத வைத்தார்கள். பிளஸ் டூ பாதியில் இருக்கும்போது, காலேஜுக்கு பிளஸ் டூவின் 600 மட்டும் போதும் என்றார்கள். மாற்றியது தப்பென்று சொல்ல வரவில்லை, பின்னால் வந்தவர்களுக்கு நல்லதுதான். அதை எங்களுக்குப் பரீட்சைக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே?