4294967297: ஃபெர்மாவின் எண் குறித்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 4294967297 பகா எண் என்று ஃபெர்மா கருதியது ஏன்?

இரண்டின் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது இந்த எண். அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போனால் முறையே 3, 5, 17, 257, 65537 கிடைக்கின்றன. ஐந்துமே பகா எண்கள். அடுத்து வருபவையும் அவ்வாறே இருக்கும் என்று பிரெஞ்சுக் கணிதவியலர் ஃபெர்மா 1640-இல் கடிதங்களில் எழுதினார். ஆனால் அவரால் அதை நிறுவ இயலவில்லை. 1729-இல் கோல்ட்பாக் இதைக் கேட்டு எழுத, 1732-இல் ஆய்லர் இந்த எண் 641 × 6700417 என்று காட்டினார். இதற்கு அடுத்த எண்களில் இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை.

கேள்வி: கணினி இல்லாத காலத்தில் 641 எப்படி அகப்பட்டது?

எல்லாப் பகா எண்களையும் வகுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருந்தாக வேண்டும் என்பது ஆய்லரின் முடிவு. அவ்வகைப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வருவதால், ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

வகுக்காமலே இதைச் சரிபார்க்கவும் வழி உண்டு; எண் கோட்பாட்டில் இவ்வளவு சிறிய, இவ்வளவு அழகான நிறுவல்கள் குறைவு என்பேன். 641 = 5 × 128 + 1 என்பதால், 5 × 128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 (641-இன் மடங்குக்கு ஒன்று குறைவு என்று பொருள்). 128 என்பது இரண்டின் 7-ஆம் அடுக்கு. ஆகவே நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625-ஐ இரண்டின் 28-ஆம் அடுக்கால் பெருக்கிவரும் எண்ணுக்கு மீதி 1. இனி 641 = 625 + 16 என்பதையும் கவனித்தால், 625-க்குப் பதில் −16-ஐ இடலாம்; 16 இரண்டின் நான்காம் அடுக்கு ஆதலால், இரண்டின் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1 ஆகிறது. அதோடு ஒன்றைக் கூட்ட, மீதி பூச்சியம்.

கேள்வி: 6700417-ஐ மேலும் பிரிக்க முடியுமா?

முடியாது. பின்னர் கணிதவியலர் லூக்கா, 64-க்குப் பதில் 128 என்றே கொள்ளலாம் எனக் காட்டினார். 6700417-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2588. அதற்குள் அவ்வகைப் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257-ஆல் வகுத்தால் மூல எண்ணுக்கே மீதி 2 என்பதால் அது நீங்குகிறது. மற்ற நான்கும் முறையே 44, 120, 334, 622 என மீதி தருகின்றன.

கேள்வி: நான் எழுதிய நிரல் இதைப் பகா எண் என்கிறதே?

ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை அடிமானம் 2 கொண்டு மட்டும் சோதித்திருப்பீர்கள். p பகா எண் என்றால், p-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் (அடிமானம்) p−1-ஆம் அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதே அத்தேற்றம். இரண்டின் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1 என்பது இந்த எண்ணின் அமைப்பிலேயே இருப்பதால், பகு எண்ணாக இருந்தும் அச்சோதனையில் இது தேறிவிடும். அடிமானம் 3 கொண்டு சோதித்தால் 1-க்குப் பதில் 3029026160 மீதியாக வரும்.

கேள்வி: இத்தனை பக்கங்கள் உடைய ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய முடியுமா?

இயலாது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றையெண்ணாக இருந்தால், அது ஃபெர்மா வகைப் பகா எண்களின் (மேலே கண்ட 3, 5, 17, 257, 65537 போன்றவை) பெருக்கலாகவும், அவற்றுள் எதுவும் இருமுறை வராததாகவும் இருக்க வேண்டும். 1796-இல் 17 பக்கப் பலகோணத்தை வரையலாம் எனக் கண்ட காஸ் இதற்கு வழிகாட்டினார்; இந்த நிபந்தனை தவிர்க்க முடியாதது என்பதை வான்செல் 1837-இல் நிறுவினார். 641, 6700417 இரண்டுமே அவ்வகை அல்ல. இதைவிட இரண்டே குறைவான 4294967295-க்கோ அது பொருந்துகிறது, ஏனெனில் அது 3 × 5 × 17 × 257 × 65537.