சைவம்தானே என்று தேதி தாண்டிய பாக்கெட்டைப் பிரிக்கலாமா?

திருப்பூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்:

“நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவக் குடும்பம். அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது பார்த்தால் சேமியா, கோதுமை மாவு, வேர்க்கடலை சேர்த்த சத்துமாவு எல்லாமே எக்ஸ்பைரி தேதியைத் தாண்டிவிட்டன. சேமியாவுக்கு மூன்று வாரம், மற்ற இரண்டுக்கும் ஒன்றரை மாதம். அதில் சேமியாவை உப்புமா செய்து எல்லோரும் சாப்பிட்டும் ஆயிற்று. முந்தாநாள் வாங்கிய பனீரோ, வாங்கும்போதே தேதி முடிந்து இரண்டு நாள். கடைக்காரரைக் கேட்டால், ‘கறியா மீனா அக்கா? சைவம்தானே, ஃப்ரிட்ஜ்லதான் இருந்துச்சு, ஒண்ணும் ஆகாது’ என்கிறார். என் மாமியாரும் அதையேதான் சொல்கிறார். சத்துமாவு என் இரண்டு வயது மகளுக்குக் கொடுப்பது. எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும்?”

முதலில் உப்புமா. சாப்பிட்டவர்களுக்கு அதனால் ஒன்றும் வராது, கவலையை விடுங்கள். பனீரைச் சமைக்காதீர்கள். கோதுமை மாவை முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாம். சத்துமாவைக் குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்பினால் மேலே படியுங்கள்.

உங்கள் கடைக்காரர் சொல்லும் ‘சைவம்தானே’ என்ற சமாதானத்தைப் பாதிப்பேர் நம்புகிறார்கள். பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளி, உள்ளே விலங்கிலிருந்து வந்த சரக்கு இல்லை (பாலும் தேனும் நீங்கலாக) என்று மட்டுமே சொல்கிறது. கெட்டுப்போகாது என்று அது எங்கும் சொல்லவில்லை. கிருமி சைவம் அசைவம் பார்ப்பதில்லை, அதற்கு வேண்டியது ஈரம். ஈரமும் கொஞ்சம் சத்தும் இருந்து, வெளியே நம் ஊர் வெயிலும் அடித்தால் அது பெருகும். வடித்த சோற்றை மதியத்திலிருந்து இரவுவரை மேடையிலேயே விட்டுவிட்டு, பிறகு வறுத்து ஃப்ரைட் ரைஸ் ஆக்கிச் சாப்பிட்டு வாந்தியெடுப்பவர்கள் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வேலை அது. அது சோற்றில் விட்டுச்செல்லும் நஞ்சு சூடுபடுத்தினாலும் போகாது. அரிசியைவிடச் சைவமான பொருள் ஏது?

சேமியாவில் அந்த ஈரம் கிடையாது. ரவை, அவல், அப்பளம், பருப்பு, மிளகு, மல்லித்தூள் எல்லாம் இந்த வகைதான். உறை கிழியாமல், தண்ணீர் படாமல் இருந்தால் தேதி தாண்டிய சில வாரங்களில் குறைவது மணமும் சுவையும்தான். வண்டு வந்திருக்கிறதா என்று சலித்துப் பாருங்கள். வண்டுக்கும் தேதிக்கும் சம்பந்தமில்லை, தேதி முடிய ஆறு மாதம் இருக்கிற ரவையிலும் அது வரும். சர்க்கரைக்கும் வினிகருக்கும் எக்ஸ்பைரி தேதி போட வேண்டும் என்று சட்டமே கேட்பதில்லை.

அப்படியென்றால் சேமியாவில் ஏன் எக்ஸ்பைரி என்று போட்டிருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எனக்கு எரிச்சல் வருகிற இடமும் இதுதான். முன்பெல்லாம் பல பொருட்களில் ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று மட்டும் இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு ருசி கொஞ்சம் குறையலாம் என்று அதற்கு அர்த்தம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் கொண்டுவந்த லேபிள் விதிகள் அதை மாற்றிவிட்டன. இப்போது ‘எக்ஸ்பைரி’ அல்லது ‘யூஸ் பை’ தேதி கட்டாயம். ‘பெஸ்ட் பிஃபோர்’ கூடுதலாக வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், போடாமலும் விடலாம். அந்த விதியில் எக்ஸ்பைரி தேதிக்குத் தரும் விளக்கத்திலேயே தரம், பாதுகாப்பு இரண்டும் ஒன்றாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. விளைவு, வருடக்கணக்கில் தாங்கும் சேமியாவிலும் ஒரு வாரம் தாங்காத பனீரிலும் ஒரே சொல், ஒரே எழுத்து அளவு. வீட்டுப் பெண்மணி எதை வைத்துப் பிரித்தறிவார்? ஒன்று, எல்லாவற்றையும் குப்பையில் போடுவார். இல்லாவிட்டால் இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சாப்பிடத் தொடங்குவார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் ‘பெஸ்ட் பிஃபோர் தாண்டினாலும் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று வரும் அறிவுரையை அப்படியே நம் பாக்கெட்டுக்குப் பொருத்தாதீர்கள்.

இப்போது பனீர். பாலைத் திரித்துப் பிழிந்த பிறகும் அதில் ஈரம் நிறைய இருக்கிறது, புரதமும் இருக்கிறது. கிருமிக்கு அது விருந்து. அந்தத் தேதியைக்கூட, தொழிற்சாலையிலிருந்து உங்கள் வீடுவரை குளிர் விடாமல் இருந்தது என்ற நம்பிக்கையில்தான் போடுகிறார்கள். கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க இரவில் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு ஷட்டரை இழுக்கும் கடைகள் நம் ஊரில் இருக்கின்றன. அங்கே வைத்த பனீருக்குத் தேதி முடியாவிட்டாலும் நான் உத்தரவாதம் தர மாட்டேன், உங்களுடையதோ முடிந்தது. ‘நன்றாக எண்ணெயில் வறுத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்பார்கள். கிருமி சாகும், சில கிருமிகள் அதற்குள் உண்டாக்கிவிட்ட நஞ்சு சாகாது. ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் தாங்கும். வாடை இல்லை, நிறம் மாறவில்லை என்பதும் சான்றாகாது. உறை உப்பியிருந்தால் அது கெட்டது என்று சொல்லலாம், உப்பாவிட்டால் நல்லது என்று சொல்ல முடியாது.

தேதி முடிந்த பொருளை விற்றால் விற்றவரே பொறுப்பு என்று 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 27-இல் தெளிவாகச் சொல்கிறது. ‘ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு’ என்பதெல்லாம் சட்டத்தின் முன் நிற்காது. பில்லும் பாக்கெட்டும் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணான 94440 42322-க்கு அனுப்புங்கள். பில் வாங்கவில்லையா? அடுத்த முறையிலிருந்து நாற்பது ரூபாய்ப் பொருளுக்கும் பில் கேளுங்கள்.

பொருள் மேல் சந்தேகம் என்றால் வாங்கியவரே பகுப்பாய்வுக்குக் கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது, பிரிவு 40. ஆனால் நிபந்தனையைக் கேளுங்கள்: வாங்கும் நேரத்திலேயே கடைக்காரரிடம் ‘இதை நான் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்’ என்று சொல்லிவிட்டு வாங்க வேண்டும். எந்தக் கடைக்காரர் அதைக் கேட்டபிறகு கெட்ட பாக்கெட்டை எடுத்து நீட்டுவார்? அதிகாரி எடுத்த மாதிரிக்கே ஆய்வறிக்கை தர 14 நாள் அவகாசம் உண்டு. அறிக்கை வருவதற்குள் அதே லாட்டில் வந்த பனீர் ஊர் முழுக்கப் பட்டர் மசாலா ஆகி முடிந்திருக்கும்.

கடைக்காரர் மேல் மட்டும் பழி போடுவதும் சரியல்ல. தேதி முடிந்த சரக்கைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஏஜென்ட் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்பார், கம்பெனி ஏஜென்டுக்குக் கணக்கை முடித்துக் கொடுக்காது, நஷ்டம் கடைசியில் சின்னக் கடையின் தலையில் விழும். அந்த இடைவெளியில்தான் ‘லாட்’ வியாபாரி நுழைகிறார். தேதி நெருங்கிய, தாண்டிய சரக்கை மொத்தமாக அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போவார். பிறகு மூன்று வழி. தின்னரில் தொட்டுப் பழைய தேதியைத் துடைத்துவிட்டுப் புதிதாக முத்திரை குத்துவது ஒன்று. உறையைக் கிழித்துக் கொட்டி, லேபிளே இல்லாத கவரில் ‘லூஸ்’ சரக்காக ஹோட்டல்களுக்கும் வாரச்சந்தைக்கும் தள்ளுவது இன்னொன்று. மூன்றாவது, விலை ஸ்டிக்கரைச் சரியாகத் தேதியின் மேல் ஒட்டி ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று அடுக்குவது.

2024 டிசம்பரில் ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. தேதி முடிந்து திரும்பிய சரக்கு எவ்வளவு, அதை என்ன செய்தீர்கள் என்று தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தர வேண்டும். நல்லதுதான். ஆனால் கம்பெனிக்குத் திரும்பாமலே நடுவழியில் வேன் மாறிப் போன சரக்கு எந்தக் கணக்கில் வரும்? அதைத் தேடிப்போக வேண்டியவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவர் ஒருவர் தலையில் கல்யாண மண்டபம், பள்ளிக்கூடச் சத்துணவு, குட்கா ரெய்டு, திருவிழா அன்னதானம் என்று எல்லாம்.

ஆகவே நீங்களேதான் பார்க்க வேண்டும். தேதியும் பேட்ச் எண்ணும் பெரும்பாலும் ஒரே மெஷினில் ஒரே மையில் விழும். ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கியும் இருந்தால், அல்லது தேதி இருக்கும் இடத்தில் மட்டும் உறையின் பளபளப்பு போயிருந்தால் அந்தப் பாக்கெட்டை வைத்துவிடுங்கள். ஈர விரலால் தேய்த்தவுடன் எழுத்து கையோடு வந்தாலும் அப்படியே. ஸ்டிக்கர் மேல் அச்சிட்ட தேதியை நம்ப வேண்டாம், முக்கியமாக வெளிநாட்டுச் சாக்லேட், பிஸ்கட் பாக்கெட்டுகளில். ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: கையில் கொடுக்கும்போது பொருளின் ஆயுளில் 30 சதவீதமோ, எக்ஸ்பைரிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. அப்படி இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள், டெலிவரி பையனிடம் சண்டை போடாதீர்கள், அவருக்கு அதில் பங்கில்லை.

கோதுமை மாவுக்கு வருவோம். முழுக்கோதுமை மாவில் தவிடும் முளையும் சேர்ந்து அரைபடுவதால் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், நாக்கில் வைத்தால் கசக்கும். மைதா அதைவிட அதிக நாள் தாங்குவதற்குக் காரணம் இதுதான். உங்கள் மாவில் அந்த வாடையும் கசப்பும் கட்டியும் இல்லையென்றால் சப்பாத்தி போடலாம்.

சத்துமாவு விஷயத்தில் மட்டும் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதில் இருக்கும் வேர்க்கடலை. அதுவும் காய்ந்த பொடிதானே, சேமியா மாதிரிதானே என்று நினைப்பீர்கள். அப்படியல்ல. வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். வயலில், களத்தில் சரியாகக் காயாமல் மூட்டை கட்டினால் போதும். அது அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. ஈரலைத் தாக்குவது, நாள்பட்டால் ஈரல் புற்றுநோய்வரை கொண்டுபோவது. வறுத்தாலும் கஞ்சியாகக் காய்ச்சினாலும் முழுதாக அழியாது. நிறமில்லை, வாடையில்லை. கடலையாக இருந்தால் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது என்று கண்ணால் பார்த்துப் பொறுக்கிவிடலாம். பொடியாகிவிட்டால் எதைப் பொறுக்குவது?

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் ஏனென்று தெரியாமல் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்தபோதுதான் இந்த நஞ்சே உலகுக்குத் தெரிந்தது. வான்கோழி கதை என்று ஒதுக்க வேண்டாம். 1974-இல் நம் நாட்டிலேயே, ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மஞ்சள் காமாலை போலக் கண்டு இறந்தார்கள். அவர்கள் சாப்பிட்டது சுத்த சைவம்.

உங்கள் பாக்கெட்டில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நல்ல கடலையில் அரைத்த மாவு, உறை பிரியாமல் இருந்தால், ஒன்றரை மாதத்தில் திடீரென்று விஷமாகிவிடாது. பிரித்து டப்பாவில் கொட்டி, ஈரக் கரண்டி போட்டு எடுத்துக்கொண்டிருந்தால் மாவு ஈரம் இழுக்கும், பூஞ்சைக்கு அது போதும். பெரியவர்கள் ஒருநாள் குடித்தால் பெரிதாக எதுவும் ஆகாது. இரண்டு வயதுக் குழந்தை அதையே தினமும் இருவேளை குடிக்கிறாள், உடம்போ பத்துப் பன்னிரண்டு கிலோ. அவள் எடைக்கு அந்த அளவு அதிகம். வீட்டில் அரைப்பதாக இருந்தால் கடலையைத் தனியாக வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கி, வறுத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் அரையுங்கள். ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று சொல்லி வாட்ஸ்அப் குரூப்பில் விற்கிறார்களே, தயாரித்த தேதியும் இல்லாமல் பதிவு எண்ணும் இல்லாமல், அதை வாங்குவதற்குத் தேதி தாண்டிய கம்பெனிப் பாக்கெட்டே மேல் என்றுகூடச் சொல்வேன்.

பனீரை இப்போதே எறிந்துவிடாதீர்கள். புகார் அனுப்பிப் பதில் வரும்வரை இன்னொரு கவரில் கட்டி, சாப்பிடக் கூடாது என்று எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். சத்துமாவைக் கொட்டுவதற்குமுன் உறையைக் குறுக்கே கிழித்து, தேதி இருக்கும் பகுதியைத் தனியாக வெட்டிவிடுங்கள். கிழியாத கவருக்கும் அட்டைப்பெட்டிக்கும் வெளியே விலை இருக்கிறது.