வேட்பாளர் பிழைப்புக்கு என்ன செய்கிறார்? படிவம் 26-ஐப் படிப்பது எப்படி: வாசகர் கேள்வி – பதில்

வேட்புமனுவோடு 'படிவம் 26' என்ற வடிவில் தாக்கலாகும் பிரமாணப் பத்திரத்தில் ஒரு வேட்பாளரின் தொழில், வருமானம், படிப்பு பற்றி என்ன இருக்கும், அதை எப்படிச் சரிபார்ப்பது என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். சட்டமும் கணக்கும் தெரிந்த எங்கள் குழுவினரின் பதில்கள் இங்கே.

எங்கள் தொகுதி வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம், சமூக சேவை' என்று மட்டும் இருக்கிறது. அவர் வயலில் இறங்கி ஊரில் யாரும் பார்த்ததில்லை. இப்படி எழுதலாமா?
– வாசகர், மன்னார்குடி

எழுதலாம், சட்டம் தடுக்கவில்லை. படிவம் 26-ல் 9-வது பத்தி வேட்பாளரின் தொழிலையும் அவர் கணவர் அல்லது மனைவியின் தொழிலையும் கேட்கிறது. ஆனால் எத்தனை ஆண்டு, எந்த நிறுவனம், என்ன பதவி என்று எதுவும் கேட்பதில்லை. ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் இருப்பவரும் 'விவசாயம்' என்று எழுதுகிறார். மூன்று நிறுவனங்களில் இயக்குநராக இருப்பவரும் 'வணிகம்' என்று எழுதுகிறார். அந்தப் பத்திரத்திலேயே பலவீனமான வரி இதுதான். அதை மட்டும் படித்து ஒருவரை எடைபோடாதீர்கள்.

அடுத்துள்ள 9அ பத்தி வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறது. இது 2017-ல் சேர்க்கப்பட்டது. தொழில் 'சமூக சேவை' என்றிருக்க, இங்கே 'வாடகை, வட்டி, நிறுவனத்திலிருந்து ஊதியம்' என்று இருந்தால் உண்மையான தொழில் இதுதான். அதன்பின் 7-வது பத்தியின் சொத்துப் பட்டியலுக்குப் போங்கள். அசையும் சொத்தில் பங்குகள் என்ற இடத்தில் பட்டியலிடப்படாத தனியார் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அதை மத்திய கம்பெனி விவகாரத் துறையின் இணையதளத்தில் தேடுங்கள். நிறுவனம் எப்போது தொடங்கியது, இன்னும் இயங்குகிறதா, இயக்குநர்கள் யார் என்ற அடிப்படை விவரங்களுக்குக் கட்டணம் கிடையாது.

விவசாயம் என்று சொல்பவரிடம் நிலம் இருக்க வேண்டும், சொந்தமாக இல்லாவிட்டால் குத்தகையாவது. அசையாச் சொத்தில் விவசாய நிலத்துக்கெனத் தனிப் பகுதி உண்டு. சர்வே எண், பரப்பு, பரம்பரைச் சொத்தா, வாங்கியதென்றால் எந்தத் தேதியில் என்ன விலைக்கு என்பதெல்லாம் அங்கே கேட்கப்படுகிறது. சர்வே எண் கிடைத்துவிட்டால் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டாவையும், பதிவுத் துறை தளத்தில் வில்லங்க விவரத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். 'விவசாயம்' என்று எழுதிவிட்டு விவசாய நிலம் 'இல்லை' என்று காட்டியிருந்தால், வாக்குக் கேட்டு வருபவரிடம் நேராகவே கேளுங்கள். அது நியாயமான கேள்வி.

பிரமாணப் பத்திரம் எப்போது, எங்கே கிடைக்கும்?
– வாசகர், ஆரணி

வேட்புமனு தாக்கலான 24 மணி நேரத்துக்குள் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஏற்றப்பட வேண்டும். ஆணையத்தின் செயலியிலும் பார்க்கலாம். தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுவார்கள். ஒருவர் நான்கு மனுக்கள் வரை போடலாம் என்பதால் ஒரே பெயரில் பல கோப்புகள் கிடக்கும். பிழை திருத்தி, பரிசீலனை தொடங்கும் நேரத்துக்குள் புதிய பத்திரம் தருவதும் உண்டு. ஆகவே கடைசியாகத் தாக்கலானது எதுவென்று தேதி பார்த்துப் படியுங்கள்.

வேட்பாளர் காட்டியிருக்கும் ஆண்டு வருமானம் ஐந்து லட்சம்தான். சொத்தோ கோடிக்கணக்கில். இது பொய்க் கணக்குதானே?
– வாசகர், பொள்ளாச்சி

உடனே அப்படி முடிவுகட்ட முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முறை இருக்கிறது.

4-வது பத்தியில் வேட்பாளர், கணவர் அல்லது மனைவி, இந்து கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் ஆகியோரின் பான் எண்ணும் கடைசி ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய மொத்த வருமானமும் இருக்கும். ஐந்தாண்டு விவரம் 2019 மக்களவைத் தேர்தலுக்கு முன்புதான் கட்டாயமானது. அதற்கு முந்தைய பத்திரங்களில் ஓர் ஆண்டுக் கணக்கே கிடைக்கும்.

கற்பனையாக ஒரு கணக்கு. வேட்பாளரின் ஐந்தாண்டு வருமானம் 4.8, 5.1, 4.9, 5.5, 5.7 லட்சம், கூட்டினால் 26 லட்சம். மனைவியுடையது 15 லட்சம். இருவருக்கும் சேர்த்து 41 லட்சம். இதே ஐந்தாண்டில் 65 லட்சத்துக்கு நிலமும் 18 லட்சத்துக்குக் காரும் வாங்கியிருக்கிறார், 83 லட்சம். கடன் பகுதியில் கார் கடன் 12 லட்சம். 83-லிருந்து 12-ஐயும் 41-ஐயும் கழித்தால் 30 லட்சம் இடிக்கிறது. அதுவும் ஐந்தாண்டு அரிசி பருப்புக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை என்று வைத்துக்கொண்டால்தான்!

இப்போது நேர்மையான காரணங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை, அதனால் அது 'மொத்த வருமானம்' என்ற எண்ணுக்குள் வராது. இருபது ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு இந்த ஒரு காரணமே போதும். பதவியில் இருக்கும் எம்.எல்.ஏ. என்றால், 2018-ல் மாதம் 1.05 லட்சமாக உயர்த்தப்பட்ட தொகையில் பெரும்பகுதி படிகள்தான். வரிக்கணக்கில் அது முழுதாகத் தெரியாது. நெருங்கிய உறவினர் தரும் அன்பளிப்புக்கும் வரி கிடையாது. கடன் பகுதியில் இருப்பது இன்றைய பாக்கி. முதலில் வாங்கிய கடன் அதைவிடப் பெரிதாக இருந்திருக்கலாம்.

பழைய சொத்தை விற்றிருப்பாரோ? இதைக் கண்டுபிடிக்க அவருடைய முந்தைய தேர்தல் பத்திரம் வேண்டும். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்தும் 'மைநேதா' தளத்தில் பழையவை கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து சர்வே எண்களை ஒப்பிடுங்கள். அப்போது இருந்து இப்போது காணாத நிலம் விற்கப்பட்டிருக்கும், அல்லது யாருக்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கும். எது என்பதை வில்லங்க விவரம் சொல்லும்.

ஒப்பிடும்போது இரண்டு இடங்களில் பலரும் தவறுகிறார்கள். முதலாவது நிலத்தின் 'தற்போதைய சந்தை மதிப்பு'. அது வேட்பாளர் தானே போடும் மதிப்பீடு. ஒருவர் அரசு வழிகாட்டி மதிப்பை எழுதுவார், இன்னொருவர் தரகர் சொன்ன விலையை எழுதுவார். ஆகவே மொத்தச் சொத்து இரட்டிப்பானது என்ற தலைப்புச் செய்தியை வைத்துக்கொண்டு அவர் சம்பாதித்ததைக் கணக்கிட முடியாது. வாங்கிய விலை, வாங்கிய தேதி என்ற இரண்டு கட்டங்களே உங்களுக்கு வேண்டியவை. இரண்டாவது நகை. தங்கத்தின் எடையை மட்டும் ஒப்பிடுங்கள். அன்றும் 400 கிராம், இன்றும் 400 கிராம் என்றால் ஐம்பது பவுன் அப்படியே இருக்கிறது, ஏறியது விலைதான்.

பி.டபிள்யூ.டி. ஒப்பந்ததாரர் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாமா?
– வாசகர், விருத்தாசலம்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9அ பிரிவின்படி, தம் தொழிலின் பொருட்டு மாநில அரசுக்குப் பொருள் வழங்கவோ, அரசின் வேலையை எடுத்துச் செய்யவோ நேரடியாக அரசுடன் செய்த ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் சட்டமன்றத்துக்கு நிற்கத் தகுதியில்லை. மக்களவைக்கு என்றால் பார்க்க வேண்டியது மத்திய அரசின் ஒப்பந்தம். வேலையை முழுதாக முடித்துவிட்டு பில் தொகைக்காக மட்டும் காத்திருப்பவருக்குத் தடையில்லை, சட்டமே அதைத் தெளிவாகச் சொல்கிறது. சாலை போட்டாகிவிட்டது, ஆனால் பராமரிப்புக் காலம் ஒப்பந்தப்படி பாக்கி இருக்கிறது என்றால்தான் சிக்கல். இப்படிப்பட்டவர் மனுத் தாக்கலுக்கு முன்பே வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிட வேண்டும்.

மனைவி பெயரிலோ, தாம் பங்குதாரராக இருக்கும் கூட்டு நிறுவனத்தின் பெயரிலோ ஒப்பந்தம் இருந்தால்? பிரமாணப் பத்திரத்தின் 9ஆ பத்தி அதற்காகவே இருக்கிறது. தாம், துணைவர், சார்ந்திருப்போர், கூட்டுக் குடும்பம், பங்குள்ள கூட்டு நிறுவனம், தனியார் கம்பெனி ஆகியவை அரசுடன் செய்த ஒப்பந்தங்களை எல்லாம் அங்கே எழுத வேண்டும். ஒருவரின் தொழில் வாழ்க்கையை அறிய அந்தப் பத்திரத்தில் இதைவிடப் பயனுள்ள பத்தி வேறில்லை. ஆனால் படிப்பவர்கள் பெரும்பாலும் சொத்துப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள்.

மகன் பெயரில் பெரிய வணிக வளாகமே இருக்கிறது. தந்தையின் பத்திரத்தில் அதைக் காணோமே?
– வாசகர், திருமங்கலம்

தனி வருமானம் இல்லாமல் வேட்பாளரை நம்பி வாழ்பவரே 'சார்ந்திருப்போர்'. சம்பாதிக்கும் மகனோ மகளோ அதில் வரமாட்டார்கள். மறைத்ததாகச் சொல்ல முடியாது. படிவத்தின் எல்லை அவ்வளவுதான். ஆனால் மகனுக்குத் தந்தை கொடுத்த கடன் நிலுவையில் இருந்தால், அது தந்தையின் அசையும் சொத்தில் வந்தாக வேண்டும்.

எம்.எல்.ஏ. ஆகப் படிப்பே தேவையில்லை என்கிறபோது, பட்டத்தைப் பற்றிப் பொய் சொன்னால் என்ன ஆகிவிடும்?
– வாசகர், கோவில்பட்டி

படிப்பு தேவையில்லை என்பது சரி. 25 வயது நிரம்பி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்து, வேறு தகுதியிழப்பு இல்லாவிட்டால் நிற்கலாம். பள்ளிப் படிப்பை முடிக்காமல் விருதுநகரில் மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்த காமராஜர்தான் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். படிக்காதது குறையே அல்ல. இல்லாத பட்டத்தைச் சத்தியம் செய்து எழுதுவது குற்றம்.

மணிப்பூரின் மொய்ராங் தொகுதியில் வென்ற ஒருவர் மைசூர் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்ததாக எழுதியிருந்தார். அப்படிப் படிக்கவில்லை என்று தெரியவந்ததும் அவருடைய தேர்தல் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எழுத்துப்பிழை என்ற விளக்கம் எடுபடவில்லை.

10-வது பத்தியில் பட்டத்தின் முழுப்பெயர், கல்லூரி, பல்கலைக்கழகம், முடித்த ஆண்டு நான்கும் இருக்க வேண்டும். 'பி.ஏ.' என்று மட்டும் இருந்தால் முழுமையில்லை. மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவையும், வழக்கறிஞர் என்றால் பார் கவுன்சில் பதிவையும் கேட்டுச் சரிபார்க்கலாம். சட்டம் படித்தவர் எல்லாரும் வழக்கறிஞர் அல்ல. பார் கவுன்சிலில் பதிவு செய்தவரே வழக்கறிஞர்.

பொய் என்று ஆதாரத்தோடு தெரிந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? அதிகாரியே மனுவைத் தள்ளுபடி செய்ய மாட்டாரா?
– வாசகர், மேட்டூர்

மாட்டார். பரிசீலனையில் தேர்தல் நடத்தும் அலுவலர் பார்ப்பது பத்திரம் முழுமையாக இருக்கிறதா என்பதைத்தான். கட்டங்களைக் காலியாக விட்டால் நோட்டீஸ் தருவார். அப்போதும் நிரப்பாவிட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. எழுதியிருப்பது மெய்யா பொய்யா என்று விசாரிக்கும் வேலை அவருடையது அல்ல.

உங்களிடம் ஆதாரம் இருந்தால், வேட்பாளர் எழுதியதை மறுத்து நீங்கள் சத்தியம் செய்து தரும் எதிர்ப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யுங்கள். வேட்பாளருடைய பத்திரத்தைப் போலவே அதையும் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். வாக்குப்பதிவுக்கு முன்பே மற்றவர்களுக்கு விஷயம் தெரியவர இதுவே நல்ல வழி.

தண்டனை வேண்டுமென்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125அ பிரிவு: ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். இதற்கு ஆணையத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், குற்றவியல் நடுவர் மன்றத்தில் நேராகப் புகார் தரலாம்.

வென்றவரின் பதவியைக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் தேர்தல் வழக்கு. அந்தத் தொகுதியின் வாக்காளரோ வேட்பாளரோ, முடிவு வந்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் ஏற்கமாட்டார்கள். தாமதத்தை மன்னிக்க இங்கே வழியில்லை. எதை மறைத்தார், எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது என்று மனுவிலேயே விவரமாக எழுத வேண்டும். 'சொத்தை மறைத்தார்' என்று பொதுவாக எழுதிய மனு முதல் கட்டத்திலேயே விழுந்துவிடும்.

எது கனமான மறைப்பு என்பதற்கு இரண்டு தீர்ப்புகளைப் பாருங்கள். மேட்டுப்பாளையம் வட்டம் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் தம் மீதான குற்ற வழக்குகளை முழுமையாகக் காட்டவில்லை. தேர்தல் செல்லாது என்பதை 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அருணாசலப் பிரதேசத்தின் தேஜு தொகுதியில் வென்றவர், மனைவி மகன் பெயரில் பதிவிலிருந்த ஸ்கூட்டர், பைக், வேன் ஆகிய மூன்றைக் காட்டவில்லை. அவை ஏற்கெனவே கைமாறிவிட்டன. 2024 ஏப்ரலில் அவருடைய வெற்றி செல்லும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. மதிப்பிலும் வாழ்க்கை முறையைக் காட்டுவதிலும் முக்கியமில்லாத ஒவ்வொரு பொருளையும் எழுத வேண்டியதில்லை என்பது காரணம். ஆகவே பழைய மொபெட்டைப் பிடித்துக்கொண்டு அலையாதீர்கள். நிலத்தின் பத்திர நகல், நிறுவனப் பதிவு, வழக்கின் எண் ஆகியவற்றைச் சான்றிட்ட நகலாக வாக்கு எண்ணிக்கைக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் நகல் கிடைக்கச் சில வாரங்கள்கூட ஆகலாம். அந்த 45 நாள் அதற்காக நிற்காது.