மணல்மேட்டுத் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

கடற்கரை மணல்மேடுகளில் கைவைக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்ப் பிழைக்கிறார்கள். இங்கே ஒரு விடுதியோ சோலார் ஆலையோ வந்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்கும். ஒன்றும் விளையாத பாலைவனத்தைக் காத்து யாருக்கு என்ன பயன்?

உச்சிப்புளியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. பிள்ளைகள் ஊரிலேயே பிழைக்க வழி வேண்டும். ஆனால் அந்த மணல் சும்மா கிடக்கவில்லை.

தனுஷ்கோடியில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெண்கள் மணலைத் தோண்டி, ஊறிவரும் நீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். நல்ல தண்ணீர். மேட்டில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதன் மட்டம் கடல்மட்டத்துக்கு ஓர் அடி மேலே இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறும். விடுதி ஆழ்துளைக் கிணறு போட்டு இரவும் பகலும் மோட்டாரை ஓடவிட்டால், கரிக்கப்போவது அக்கம்பக்கத்து ஊற்றுகள்தான். விடுதிக்காரர் லாரியில் தண்ணீர் வாங்கிக்கொள்வார். மீனவர் வீட்டில் என்ன செய்வார்கள்?

மேட்டைக் காற்று அள்ளிப்போகாமல் பிடித்து வைத்திருப்பவை அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். பொக்லைன் வந்தால் முதலில் போவதும் அவையே. 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய வகையில்தான் வைத்திருக்கிறது.

நம் இராமநாதபுரம் மாவட்டம் பாலைவனமும் அல்ல. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. அதைத் தேக்கத்தான் கண்மாயும் ஊருணியும். மெய்யான பாலைவனமான ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கமே, சோலார் மின்கம்பிகளில் மோதிச் சாகும் கானமயில் என்ற அரிய பறவைக்காக வழக்கு 2021இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வரை போனது. இடத்தை முன்கூட்டியே யோசித்துத் தேர்ந்திருந்தால் இத்தனை இழுபறி வந்திருக்காது.

கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. இன்னும் வரட்டும், சீமைக்கருவேலம் மண்டிய தரிசில், கண்மாயின் வரத்துக்கால்களை மறிக்காமல். விடுதியும் வரட்டும், மேட்டை விட்டு உள்ளே தள்ளி, கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்த்துக்கொண்டு.

கிராம சபையில் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: உள்ளூர்க்காரர் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை? தண்ணீர் எங்கிருந்து? பேனல் துடைக்கவும் காவல் நிற்கவும் மட்டும் ஆள் எடுப்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கூட்டத் தேதி தெரிந்ததும் எழுதுங்கள், மனுவைச் சேர்ந்தே தயாரிக்கலாம்.